கிட்னி விழிக்கிற வரைக்கும்

அந்தியூர்ப் பக்கம் எங்கள் மஞ்சள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது என்னைக் கண்ணாடி விரியன் கடித்தது. வீட்டுக்காரர் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள், உயிர் தப்பியது. ஆனால் ஒன்றுக்குப் போவது நின்றுவிட்டது. முகம் ஊதிப்போய், மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள்.

அங்கே கிட்னி டாக்டரம்மா கட்டிலோரம் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "விஷம் உங்க கிட்னியை அடிச்சிருக்குங்க. இது திடீர்னு வர்ற பாதிப்பு. நிறையப் பேருக்குத் தானாவே தேறிக்கும். கொஞ்சம் பேருக்குத் தேறாம போறதும் உண்டு. கிட்னி தேறற வரைக்கும் டயாலிசிஸ் பண்ணித்தான் ஆகணும்."

கழுத்தில் குழாய் வைத்தார்கள். டயாலிசிஸுக்கு அடிக்கடி வரவேண்டியிருந்ததால் கோயமுத்தூரிலேயே கணபதியில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கினேன். வீட்டுக்காரர் காட்டையும் மாடுகளையும் பார்க்க ஊருக்கும் இங்குமாக அலைந்தார்.

அண்ணன் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நின்றுபோன மெஷினை ஓட வைக்காமல் சாப்பிடப் போகமாட்டார். நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து காத்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. யாரோ சொன்னார்களென்று ஒரு ஸ்டெம் செல் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிப்போனார்.

கோட்டு போட்டவர் அழகாகப் பேசினார். என் வயிற்றுக் கொழுப்பிலிருந்தே செல் எடுத்து, பெருக்கி, ஊசியில் ஏற்றுவார்களாம். கிட்னி புதுசாகிவிடுமாம்.

நான் கேட்டேன். "பாம்பு கடிச்சு என்னைய மாதிரி ஆனவங்களுக்குப் போட்டிருக்கீங்களா?"

"நிறையப் பேருக்குங்க."

"தானாத் தேறுனாங்களா, ஊசியில தேறுனாங்களான்னு எப்படிங்க தெரியும்?"

அவர் சிரித்தார். அண்ணன் பக்கம் திரும்பி, "நாளைக்கே அட்மிஷன் போட்டுக்கலாங்க" என்றார். என் உடம்பைப் பற்றிய பேச்சு என்னைத் தாண்டிப் போனது. வேண்டாமென்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

காரில் ஏறியதும் அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார். "நீ அந்த மெஷின்ல படுத்திருக்கறத என்னால பாக்க முடியலை அம்மணி."

"எனக்கும் பயமாத்தானுங்கண்ணா இருக்கு. டாக்டரம்மாகிட்டயே கேட்டுப்போடலாம். அவங்க சொன்னா போட்டுக்கறேன்."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "ஸ்டெம் செல்லே பொய்யின்னு சொல்லமாட்டேனுங்க. எலிங்ககிட்ட நல்ல பலன் கெடச்சிருக்கு. புதுக் கிட்னி மொளைக்கறதில்லை. அடிபட்ட செல்லுக தேறிக்க அது ஒத்தாசை பண்ணுதுன்னு நெனைக்கறாங்க. மனுசங்ககிட்ட இன்னும் உறுதியாகலை. முறையா நடக்கற ஆராய்ச்சின்னா யோசிக்கலாம். இப்படிப் போட்டுக்க நான் சொல்லமாட்டேன். இருக்கற நெலைமையில உங்களுக்குக் கிருமி தொத்துனா தாங்காதுங்க."

அண்ணன் தலையாட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

அதன்பிறகு என் வேலையை நான் செய்தேன். டாக்டரம்மா சொன்ன அளவுக்கு மேல் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு வறண்டால் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் சம்சாரம், எங்கள் நங்கை, கிட்னிக்கு ஆகாத பொட்டாசியம் இறங்கட்டுமென்று காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு உப்பில்லாமல் தாளித்துக் கொடுப்பார். வாயில் வைக்க முடியாது. வைத்தேன். தலை சுற்றாத நாட்களில் மொட்டைமாடியில் சுவரைப் பிடித்து நடந்தேன். கிட்னி விழிக்கும்போது உடம்பு தயாராக இருக்க வேண்டுமென்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

டயாலிசிஸ் வார்டுக்கு ஒரு நாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்தாள். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த செல்களை வைத்துக் கிட்னி பாதிப்பைப் பற்றிப் படிக்கிறாளாம். என் ரத்தத்தில் கொஞ்சம் கேட்டாள்.

"இதுனால உங்களுக்கு ஒரு பலனும் இருக்காதுங்கக்கா. இஷ்டமில்லைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, உங்க வைத்தியத்துக்கு ஒண்ணும் ஆகாது."

பலனில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதால்தான் அவளை நம்பினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் ஒன்றுக்கு வந்தது. கொஞ்சம்தான், கட்டன்காப்பி நிறத்தில். ஒன்றுக்கு வந்தால் அளந்து பார்க்க ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன்.

"எவ்வளவு?" என்றார்.

"அரை டம்ளர் இருக்குமுங்க."

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "இரு, வாரேன்" என்று வைத்துவிட்டார். மத்தியானம் சேற்றுக் காலோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றார்.

அது ஒரே நாளில் சரியாகவில்லை. ஜாடியில் அளவு கூடுவதும் குறைவதுமாக இருந்தது. டயாலிசிஸ் நாட்கள் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். ரத்தத்தில் தங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் பழைய அளவுக்கு இன்னும் இறங்கவில்லை. இறங்காமலும் போகலாமென்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிவிட்டேன், மாத்திரை சாப்பிடுகிறேன். காட்டுக்குள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுத்தான் இறங்குகிறேன்.

போனமுறை பரிசோதனைக்குப் போனபோது அந்த மாணவியைப் பார்த்தேன். "கண்ணு, அந்தச் செல்லுக என்னாச்சு?" என்றேன்.

"ஒருதடவை வேலை செய்யுதுங்கக்கா, ஒருதடவை செய்யறதில்லை. ஏன்னுதான் பாத்துட்டிருக்கோம்."

"நல்லாப் பாருங்க. இன்னொருக்கா ரத்தம் வேணுமா?"

வேண்டுமென்றாள். அண்ணன் பக்கத்தில் நின்று என் பையை வாங்கிக்கொண்டார். நான் கையை நீட்டினேன்.