எட்டுப் பேர் முன்னால் பிடுங்கிய சாவி

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? தென்காசி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கார் ஸ்டாண்டில், எட்டு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் முதலாளி தங்கசாமி அண்ணாச்சி என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். "ஓட்டத் தெரியாத பயகிட்ட வண்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்! அருவித் தண்ணிய உள்ள விட்டு பேட்டரியக் கெடுத்துட்டான்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். பதினோரு வருஷமாக நான் டிரைவர். மாரிராஜ் கையில் வண்டி இருந்தால் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வான் என்று பேர். அந்தப் பேர் ஒரே நிமிஷத்தில் போயிற்று. அதுவும் குற்றால சீசன் நேரம். வண்டியைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கியவனுக்கு எவன் சாவி கொடுப்பான்? நாலு நாள் வீட்டில் கிடந்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஷெர்லினைப் பற்றி. மேலகரத்தில், குற்றாலம் ரோட்டின் மேல் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாள். ஆலங்குளத்துக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு சென்னையில் ஏழு வருஷம் கார் மெக்கானிக்காக இருந்தவள். என்னைவிடக் கோபக்காரி. ஸ்பேனரைக் கீழே வைக்க மாட்டாள், எறிவாள். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று எவனாவது முனகினால், "அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க" என்று பானட்டை மூடிவிடுவாள். இன்னொரு வழக்கமும் உண்டு. வண்டியை ஓட்டியவன் வந்து வாயால் சொல்லாமல் எந்த வண்டியையும் தொட மாட்டாள்.

எங்கள் வண்டி ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் மாறி மாறி இழுக்கும். சாவியைத் திருகும் வேலை கிடையாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினால், சத்தமே இல்லாமல் 'ரெடி' என்று எழுத்து வரும். அந்த வண்டிதான் இரண்டு வாரமாக ஐந்தருவி ஏற்றத்தில் சிவப்பு முக்கோணத்தைக் காட்டிவிட்டு நின்றது. அப்புறம் எத்தனை தடவை அமுக்கினாலும் ரெடி வராது. ஒரு மணி நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். கம்பெனி சர்வீஸில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, பின்சீட்டுக்குக் கீழே இருக்கும் பெரிய பேட்டரியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செலவைக் கேட்டு அண்ணாச்சிக்கு மூச்சே நின்றுவிட்டது. கடைசி முயற்சியாக ஷெர்லினிடம் கொண்டுபோயிருக்கிறார்.

"ஓட்டுன ஆளு எங்க அண்ணாச்சி?"

"அந்த மூதி எதுக்கு? கெடுத்ததே அவன்தான்."

"அவரு வராம நான் தொட மாட்டேன். வண்டிய எடுத்துட்டுப் போங்க."

வேறு வழியில்லாமல் எனக்குப் போன் வந்தது. போனேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, காலையில எப்படி?" என்று கேட்டாள்.

"அமுக்குன ஒடனே கிளம்புது."

"எப்ப நிக்குது?"

"மூணாவது ட்ரிப்புல. ஆளு நிறைய ஏறி, ஏத்தம் ஏறயில."

"அதுக்கு மின்ன ஏதாவது சத்தம்?"

"பின்சீட்டுப் பக்கம் ஃபேன் ஒண்ணு ஊன்னு கத்தும். பெறவுதான் முக்கோணம் எரியும்."

"இத கம்பெனியில சொன்னீங்களா?"

"எங்கிட்ட யாரும்மா கேட்டா?" என்றேன். ஆத்திரத்தில் அழுகை வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் அண்ணாச்சியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஆள் கனத்துக்கு நாலு மணல் மூட்டையை ஏற்றினாள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கருவியைச் சொருகி, பேட்டரியின் சூடு போனில் தெரியும்படி வைத்தாள். என்னையே ஓட்டச் சொன்னாள். அண்ணாச்சியும் ஏறிக்கொண்டார். கிளம்பும்போது முப்பத்தாறு டிகிரி. இரண்டு தடவை ஏறி இறங்கினோம், நாற்பத்தாறு. மூன்றாவது தடவை ஐந்தருவி ஏற்றத்தில் ஐம்பத்தைந்தைத் தொட்டது. ஃபேன் கத்தியது. முக்கோணம் எரிந்தது. வண்டி நின்றது.

"பாத்தியா, பேட்டரி போச்சு!" என்றார் அண்ணாச்சி.

"போகல அண்ணாச்சி. மூச்சு முட்டுது. ஃபேன் இந்தக் கத்து கத்துது, காத்து எங்கன இருந்து எடுக்குது?" பின்சீட்டின் ஓரத்தைத் தடவினாள். பழுப்பு ரெக்சின் கவர், ஒரு இடுக்கு இல்லாமல் இழுத்துத் தைத்திருந்தது. "இத யாரு தச்சது?"

சீசன் வந்தால் எங்கள் ஊர் டாக்சிக்கெல்லாம் ரெக்சின் போடுவோம். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் துவட்டாமல் கொள்ளாமல் அப்படியே ஏறி உட்காருவார்கள். சாதா சீட்டு என்றால் ஒரு வாரத்தில் நாறிவிடும். அண்ணாச்சிக்கு அந்தக் கவர் மேல் பெருமை அதிகம்.

"நாந்தான் தைக்கச் சொன்னேன். ஓரத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு. தண்ணி உள்ள போயிரக் கூடாதுன்னு அதையும் சேத்து மூடச் சொன்னேன்" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

"அதுதான் பேட்டரிக்கு மூக்கு!" என்று ஷெர்லின் கத்தினாள். பிளேடை எடுத்து ரெக்சினைச் சதுரமாக அறுத்தாள். உள்ளே சல்லடை இருந்தது. பஸ் டிக்கெட் ஒன்றை அதன் மேல் வைத்தாள். ஃபேன் ஓடியும் டிக்கெட் கீழே விழுந்தது. தையல் இடுக்கு வழியாக ஃபேன் இழுத்த துணி நூலும் தலைமுடியும் சீயக்காயும் எண்ணெயில் ஊறி, வறட்டி மாதிரி அப்பிக் கிடந்தது. வண்டி ஆறியதும் மெதுவாக ஒர்க்ஷாப்புக்கு இறக்கிக் கொண்டுவந்து, ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து, மாட்டி ஓடவிட்டாள். மறுபடி டிக்கெட்டை வைத்தாள். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. திரும்ப மூன்று தடவை ஏறினோம். சூடு நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி அமுக்கினேன், ஒவ்வொரு தடவையும் ரெடி வந்தது.

"சரிலே, நாளைக்கு வந்து வண்டிய எடு" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான்! நாலு நாள் என்னைக் கொன்று போட்டதற்கு அவ்வளவுதான். நான் வாயைத் திறக்குமுன் ஷெர்லின் ஸ்பேனரை எறிந்தாள்.

"டெலிவரி இங்கன கிடையாது அண்ணாச்சி. ஸ்டாண்டுலதான். ஏறுங்க."

அண்ணாச்சி முன்சீட்டில் ஏறப் போனபோது என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "சென்னையில சூப்பர்வைசர் ஒயர மாத்தி மாட்டி ஒரு வண்டிய எரிச்சான். எம்பேர எழுதிட்டான். பேசாம வந்துட்டேன். ஆறு வருஷமாச்சு அண்ணே, இன்னும் செரிக்கல. நீங்க பேசாம இருந்துராதீங்க."

ஸ்டாண்டில் எட்டுப் பேரும் இருந்தார்கள். ஷெர்லின் அறுத்த ரெக்சினைப் பானட்டின் மேல் விரித்து, நடந்ததை எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அண்ணாச்சி சாவியை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"எல்லாரு முன்னாலயும் பிடுங்குனீங்க அண்ணாச்சி. எல்லாரு முன்னாலயும் சொல்லிக் குடுங்க."

அவர் காறித் துப்பினார். சுற்றிப் பார்த்தார். ஒருத்தனும் நகரவில்லை. "கவர் தைக்கச் சொன்னது நான்தான். பய மேல தப்பில்ல" என்றார்.

"பேரச் சொல்லுங்க" என்றாள் ஷெர்லின்.

"மாரிராஜ் மேல தப்பில்ல. போதுமா?"

சாவியை வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். ஷெர்லின் வண்டியில் சாய்ந்து நின்று, எதையோ யோசித்தாள். அப்புறம் போனை எடுத்து ஒரு நம்பரைத் தேடி அமுக்கினாள்.

"சார், நான் ஷெர்லின். அந்த வண்டி யாரால எரிஞ்சதுன்னு ஒங்களுக்குத் தெரியும். அத ஒங்க வாயால சொல்லுங்க."

அந்தச் சென்னை சூப்பர்வைசர் லைனைத் துண்டித்துவிட்டான். அவள் மறுபடியும் அதே நம்பரை அமுக்கினாள்.