இடையர் தோளில் ஒரு துண்டு

பெயிண்ட்டில் கலக்கும் டர்பன்டைன் வாசமும் சாம்பிராணி வாசமும் கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது போலிருக்கும். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில், பீடத்தின் பின்சுவரில் மாட்டுக்குடிலை வரையப் புதுக்கோட்டையிலிருந்து ஓர் ஓவியர் வந்திருந்தார். முகங்களுக்கு ஊர்க்காரர்களையே நிற்கவைத்தார். 'பெரிய வீட்டு'க்காரர், பாலன் இயேசுவைக் கும்பிட வந்த ராசா ஆனார். அவர் வயலில் வேலை பார்த்த என் அப்பா இடையர் ஆனார்.

"அங்கிட்டுப் போயி பாவாடையில பெயிண்ட்ட ஒட்டிக்கிட்டு வராத" என்று அம்மா சொல்வதைக் கேட்காமல், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் ஓடுவேன். எனக்கு முகங்களைவிடத் துணிகள்தான் வேடிக்கை. ராசாவின் பட்டுக்கு மட்டும் ஓவியர் 'பொடி பிரஷ்' எடுத்து, மடிப்பு மடிப்பாக, சரிகையின் மினுமினுப்பு வரைக்கும் இழைப்பதையும், அப்பாவின் வேட்டியைப் பட்டை பிரஷால் ஒரே இழுப்பில் முடித்துவிடுவதையும் பார்த்து, ஏழை கட்டினால் வேட்டியில் மடிப்பே விழாதா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா வந்து பார்த்த அன்று அவர் கண்ணில் பட்டது வேறு. படத்தில் அவருடைய துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தம்பி, எங்கப்பா பெரிய வீட்டு வாசல்ல துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவரு. நான் அப்புடி நின்னதில்ல. தோள்ல போட்டு விடுங்க" என்றார்.

"பாலன் முன்னாடி நிக்கிறீங்கள்ல அண்ணே, மரியாதைக்குத்தான்" என்றார் ஓவியர்.

"ராசாவும் அதே பாலன் முன்னாடிதான நிக்கிறாரு. அவரு பட்டு தோள்லதான கெடக்கு?"

மறுநாள் நான் போனபோது இடுப்புத் துண்டு மறைந்து, தோளில் வெள்ளைத் துண்டு ஒன்று கிடந்தது; அதன் மடிப்புகளில் பொடி பிரஷ் ஓடியிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெரிய வீட்டில் முணுமுணுத்தார்களாம், அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு பூசைக்குப் போனால் அந்த இடையருக்கு நேர் எதிரேதான் உட்காருவோம்.

இப்போது கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். சுவரோடு படமும் போய்விட்டது. சென்ற கிறிஸ்துமஸுக்கு அந்த இடத்தில் ஃபிளெக்ஸில் அச்சடித்த குடில் நின்றது. எங்கோ வெளிநாட்டில் வரைந்த படம் போலும். இடையர்களின் அங்கியிலும் ராசாக்களுக்குக் குறையாத வேலைப்பாடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வயதாகிவிட்ட அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முகமாக வெகுநேரம் பார்த்தார்.

"துணியெல்லாம் எல்லாருக்கும் கொறையில்லாமத்தான் போட்டு விட்ருக்காங்க" என்றார். "நம்ம ஆளுகளத்தான் காணோம்."