நீல உறை, மஞ்சள் உறை

ஸ்வான்தியே லூடர்ஸ் சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை. ஒப்பனைக்காரி அவளை நாற்காலியில் அழுத்தி வைத்திருக்கும் இருபது நிமிடம் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பதினான்கு ஆண்டுகள் அவளுக்கு உடை மாட்டிவிட்டேன். அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் துறைமுக ஊரின் இசை நாடக அரங்கில் அவள் கொலொராத்துரா சொப்ரானோ. பெண் குரல்களிலேயே உச்சியில், குருவி கிளைக்குக் கிளை தாவுவதுபோல் ஓடி ஓடிப் பாடுகிற குரல் அது. கடல்ராணி வேடத்தில் அந்த ஓட்டம் நான்கு இடங்களில் ஒரே சுரத்தில் போய் முட்டும். அரங்கில் வேலை செய்யும் எல்லாரும் அதை ‘மேலது’ என்றுதான் சொல்வோம். ஊர் மக்கள் சீட்டு வாங்குவதே அது வருமா வராதா என்று பார்க்கத்தான்.

அவள் அப்பா பயணிகள் படகில் எஞ்சின் பார்த்தவர். அம்மா படகுத்துறையில் புகையில் வாட்டிய மீனை ரொட்டிக்குள் வைத்து விற்றாள். “இப்பதான் புகையிலேர்ந்து எடுத்தது!” என்று எதிர்காற்றில் கூவிக் கூவித்தான் தன் தொண்டை திறந்தது என்று ஸ்வான்தியே சொல்வாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அதைக் கேட்டு இசைக் கல்லூரிக்கு எழுதிப் போட்டார். ஆறு ஆண்டுப் படிப்பு. அதன்பிறகு இரண்டு ஆண்டுகள், ஒரே பச்சை உடையை மடித்து எடுத்துக்கொண்டு வேலை கேட்டு ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பாடிக் காட்டினாள். இருபத்து மூன்று அரங்குகளில், இருட்டிலிருந்து ஒரு குரல் “போதும், நன்றி” என்றது. இருபத்து நான்காவதாக வந்தது எங்கள் அரங்கு.

“வேலைன்னா அடுத்த வருஷமும் இருக்கணும்டி,” என்றாளாம் அம்மா. “இது என்ன, வருஷா வருஷம் பயந்துக்கிட்டு?”

அம்மா சொன்னது சரிதான். எங்கள் தொழிலில் பாடகர்களின் ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டாகத்தான் நீளும். பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் ஓய்வு பெறும்வரை யாரும் அசைக்க முடியாது. அதனாலேயே பதினான்காம் ஆண்டில் ஆளை அனுப்பிவிடுவார்கள். அதற்குமுன் ஒரு கடிதம் வரும்: ‘பேச வரவும்’. தபாலில் வராது. வாசல் காவலர் அறையில் ஆளுக்கொரு மரப் பெட்டி இருக்கிறது, அதில் வைப்பார்கள். போகிற வருகிற எல்லாரும் முதலில் தங்கள் பெட்டியைப் பார்ப்பார்கள், பிறகு அடுத்தவர் பெட்டியை.

ஸ்வான்தியே வந்த ஆண்டே அந்தப் பெட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். காலையில் வந்தவுடன் பெட்டி, அடுத்தது பின்படிக்கட்டு. அங்கே நின்று மேலதைத் தொட்டுப் பார்ப்பாள். அரங்கின் தீயணைப்புக்காரர் ஊபோ கீழே நின்று கட்டைவிரலைத் தூக்கியோ கவிழ்த்தோ காட்டுவார். அது வந்தால்தான் அவளுக்குக் காலை உணவு இறங்கும்.

நல்ல ஆண்டுகளும் இருந்தன. ஒரு நாள் நண்பகலில் தெற்கே ஒரு பெரிய நகரத்திலிருந்து தொலைபேசி வந்தது. “எங்க ராணிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. சாயங்காலத்துக்கு வர முடியுமா?” ஈரத் தலையோடு ரயில் ஏறினாள். எந்தப் பக்கம் நுழைவது, யாரைக் கட்டிக்கொள்வது என்றெல்லாம் டாக்சியில் தொலைபேசியில் கேட்டு மனப்பாடம் செய்தாள். மேடைக்குப் போனவள் மகனைக் கட்டிக்கொள்வதற்குப் பதில் வில்லனைக் கட்டிக்கொண்டாள். “அவன்தான் பார்க்க அழகா இருந்தான், நான் என்ன பண்ணட்டும்?” என்று வந்து சொன்னாள். அப்படிப் பதினோரு ஊர்களில் பாடினாள்.

நடுவில் இரண்டரை ஆண்டு ஒரு கல்யாணமும் இருந்தது. எங்கள் இசைக்குழுவில் கொம்பு ஊதுபவன், பெயர் என்னோ. “பாடுற நாள்ல தொண்டைக்காகப் பேசமாட்டா, பாடாத நாள்ல பயத்துல பேசமாட்டா. நான் யார்கிட்டதான் பேச?” என்று என்னிடம் கேட்டுவிட்டு வேறு ஊருக்கு மாறிப் போனான்.

நாற்பதைத் தொட்டதும் மேலது முரண்டு பிடித்தது. ஊபோவின் கட்டைவிரல் வாரத்தில் மூன்று நாள் கவிழ்ந்தது. இசைக்குழுவை நடத்தும் விபோர்க் நல்ல மனிதர். ராணியின் பாட்டை ஒரு சுரம் இறக்கி எழுதிய தாள்கள் நூலகத்தில் எப்போதும் இருக்கும் என்றார். சரியான உயரத்தில் உள்ளவை மஞ்சள் உறையில், இறக்கியவை நீல உறையில். எல்லா அரங்கிலும் உள்ள வழக்கம்தான். வாத்தியக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வெளியே சொல்லமாட்டார்கள், அரங்கின் இயக்குநரிடம்கூட.

எந்த உறை என்ற முடிவு என் வழியாகப் போனது எப்படியென்றால், விலாவை இறுக்கும் கச்சைக் கட்டும்போதுதான் அவளுக்கே தன் மூச்சு தெரியும். நான் நாடாவை இழுப்பேன், அவள் விலாவை விரித்து நிற்பாள். பிறகு “நீலம்” என்பாள், அல்லது “மஞ்சள்”. நான் ஓடிப்போய் விபோர்க்கின் அறையில் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வருவேன். என் கச்சு நோட்டில், நாடா எவ்வளவு இறுகியது என்று எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், நீ என்றோ ம என்றோ குறித்துவைப்பேன்.

அது அவளுடைய பதினான்காம் ஆண்டு. மே ஏழாம் தேதி நீலம். பதினெட்டாம் தேதி இயக்குநர் டோர்ன்காம்ப் ஆறாவது வரிசையில் உட்காரப் போகிறார் என்று மதியமே தெரிந்துவிட்டது. அவர் எதற்காக வருகிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

கச்சு கட்டும்போது அவள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. நாடாவைப் பிடித்துக்கொண்டு நானும் அவளோடு அறையைச் சுற்றினேன்.

“நில்லுடி. கழுதையைக் கட்டுற மாதிரி இருக்கு.”

“கழுதைக்கு வேலை நிரந்தரம் கேஸா. நீலம்னு சொல்லிடு. ஓடு.”

ஓடினேன். விபோர்க்கின் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே டோர்ன்காம்ப் நின்றுகொண்டிருந்தார், கையில் காப்பிக் கோப்பை. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெரிய மனிதர்கள் முன்னால் எப்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். விபோர்க்கை மட்டும் தனியே கூப்பிட்டிருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டு எழுதி நீட்டியிருக்கலாம். “என்னம்மா வேணும்?” என்றார் டோர்ன்காம்ப். “ஒண்ணுமில்ல சார்,” என்று திரும்பிவிட்டேன். எதுவும் சொல்லாவிட்டால் மஞ்சள் என்பதுதான் ஏற்பாடு.

மேடை ஓரத்தில் ஊபோ அரங்க வழக்கப்படி, கண்ணேறு படாமலிருக்க, மரத்தை மூன்று முறை தட்டி, அவள் இடது தோளுக்குமேல் மூன்று முறை துப்புவதுபோல் சத்தம் செய்தார். அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சொல்லிவிட்டாயா என்று கேட்கிறாள். நான் கூந்தல் ஊசியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

இசைக்குழு முதல் வரி வாசித்ததுமே அவள் முதுகு விறைத்ததைப் பார்த்தேன். மஞ்சள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்த முடியாது. பாடினாள். மூன்று முறை மேலது வந்தது, கத்தி முனைபோல, கொஞ்சம் நடுங்கி. நான்காம் முறை கிழிந்தது.

உள்ளே வந்ததும் கேட்டாள்: “சொன்னியா இல்லையா?”

“சொன்னேன். அவர் காதுல விழலபோல,” என்றேன்.

ஜூன் மாதம் பெட்டியில் கடிதம் இருந்தது. அவள் அதைத் திறக்காமலேயே படகுத்துறைவரை நடந்துபோய்த் திரும்பினாள். மறுபடியும் போனாள். நான் பின்னாலேயே நடந்தேன்.

“பேசப் போறப்போ ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போகலாம்,” என்றாள். “சங்கத்துக்காரனைக் கூப்பிட்டா அவன் சட்டம் பேசுவான். நீ வா.”

“நான் வந்து என்னடி பேசுவேன்?”

“பேச வேணாம். என்னை நாற்காலியில பிடிச்சு வை.”

டோர்ன்காம்ப் மரியாதையாகத்தான் பேசினார். “ஸ்வான்தியே, ஏழாந்தேதி நீங்க பாடினதை நான் பக்கவாட்டுல நின்னு கேட்டேன். வைரம். அதுல சந்தேகமே இல்ல. ஆனா பதினெட்டாந்தேதி... நான் என்ன சொல்ல? குரல் முடிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தோணிச்சு. இன்னும் அம்பது வயசு, அறுபது வயசுவரை ஒரு ராணியை நான் எப்படி வச்சுக்க முடியும்?”

ஸ்வான்தியேயின் குதிகால் தட்டிக்கொண்டிருந்தது. நீல உறையைப் பற்றிச் சொன்னால் விபோர்க்கைக் காட்டிக்கொடுக்க வேண்டும், இசைக்குழு முழுவதையும் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகிறது. திடீரென்று தட்டல் நின்றது. பதினான்கு ஆண்டுகளில் அந்தக் கால் நின்று நான் பார்த்தது அன்றுதான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

“சார்,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “சார், ஏழாந்தேதி நீலம்.”

“என்ன நீலம்?”

கைப்பையிலிருந்து கச்சு நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். “இறக்கி எழுதின தாள் சார். ஏழாந்தேதி ஒரு சுரம் கீழே. நீங்க வைரம்னு சொன்னது அது. பதினெட்டாந்தேதியும் நீலம்தான் கேட்டா. நான் சொல்லப் போனேன். நீங்க காப்பி குடிச்சுக்கிட்டு நின்னீங்க. எனக்கு வாய் வரல. திரும்பிட்டேன். அவ எதிர்பார்க்காம மஞ்சள்ல மாட்டிக்கிட்டா. அப்படியும் மூணு தடவை பிடிச்சா சார்.”

ஸ்வான்தியே என் பக்கம் திரும்பினாள். “காதுல விழலன்னு சொன்னியே?”

“பொய்டி.”

“பதினாலு வருஷமா வாயே திறக்காதவ,” என்றாள் மெதுவாக, “இன்னிக்குப் பார்த்துத் திறந்திருக்கா.”

டோர்ன்காம்ப் நோட்டைப் புரட்டினார். காது சிவந்துபோயிருந்தது. ஒரு சுரம் இறங்கியதே தெரியாமல் வைரம் என்று சொன்ன இயக்குநரை ஊர் எப்படிப் பேசும் என்று அவருக்கும் தெரியும்தானே. “இது இந்த அறையோட இருக்கட்டும்,” என்றார்.

“இருக்கட்டும் சார்,” என்றாள் அவள். “என் வேலையும் இருக்கட்டும்.”

அவர் எழுந்து ஜன்னல்வரை போய் வந்தார். இப்போது அவருக்குத்தான் உட்கார முடியவில்லை. கடைசியில் சொன்னார்: “அனுப்பமாட்டேன். ஆனா ஒப்பந்தத்துல கொலொராத்துராங்கிற சொல்லை அடிச்சிடுவோம். சொப்ரானோன்னு மட்டும் இருக்கும். அரங்கு கேக்கிற எந்த வேடமும். ராணிக்கு வேற பொண்ணு வருவா. சம்மதமா?”

மாலைவரை நேரம் கேட்டாள். துறையைச் சுற்றி எத்தனை முறை நடந்தாள் என்று எனக்குத் தெரியாது. அன்று என்னைக் கூட வரவேண்டாம் என்றுவிட்டாள். ஆறு மணிக்குத் திரும்பி வந்தாள். வாசல் காவலரின் ஜன்னல் திண்டில் தாளை வைத்து, நின்றபடியே அந்தச் சொல்லைத் தானே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திட்டாள். பேனா தாளைக் கிழித்துவிட்டது.

“என்மேல கோவமா?” என்று கேட்டேன்.

“இருக்கு,” என்றாள். “நாளைக்கு அளவெடுக்க எத்தனை மணிக்கு வரணும்?”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் அளவு நாடாவோடு காத்திருந்தேன். அடுத்த ஆண்டு நாடகத்தில் அவளுக்கு வீட்டு நிர்வாகியம்மா வேடம். இரண்டு காட்சி, சாவிக்கொத்து, தொளதொள அங்கி. பின்படிக்கட்டில் அவள் காலடி கேட்டது. பாதியில் நின்றது. பிறகு மேலது கேட்டது. நடுக்கம் இல்லாமல், இழுத்துப் பிடிக்காமல், கண்ணாடிக் குவளையை விரலால் சுண்டியதுபோல. மறுபடியும் வந்தது. நான்கு முறை.

நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கீழே ஊபோ இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

“அடிப்பாவி, இப்ப வருதா?” என்றார்.

“இப்ப வந்து என்ன கிழிக்க?” என்றாள் ஸ்வான்தியே. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. பிறகு இரண்டிரண்டு படியாக ஏறி என்னைத் தாண்டி அறைக்குள் போய்க் கைகளை விரித்து நின்றாள், நான் கச்சை எடுப்பேன் என்று.

“இந்த வேடத்துக்குக் கச்சு கிடையாதுடி,” என்றேன்.

விரித்த கைகளை அவள் இறக்கவில்லை. நான் அவளைச் சுற்றி நாடாவை வைத்து அளந்தேன். அவள் விலா முழுவதுமாக விரிந்திருந்தது. நாற்பத்தொரு வயதில் பழைய அளவைவிட இரண்டு விரல் அதிகம். குதிகால் தரையைத் தட்டத் தொடங்கியது.