ஒரு மாட்டுக்கு ஆறு அடையாளம்

பெட்டியோடு போன நாள்

கள்ளக்குறிச்சியில் காலை ஏழு மணி பஸ்ஸை விட்டால், கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுகிற அடுத்த பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அந்த ஏழு மணி பஸ்ஸில், மடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அதைக் கட்டிப்பிடித்தபடி நான் முதல் முறையாகக் கல்வராயன் மலைக்குப் போனேன். மாறுதல் உத்தரவு கைப்பையில் இருந்தது. அதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பெட்டி நசுங்கிவிடக் கூடாது என்பதுதான் கவலை.

பெட்டிக்குள் நாற்பது பிளாஷ் கார்டுகள். என் அத்தா வைத்திருந்த ஜவுளிக்கடையில் புடவைக்கு நடுவே வரும் அட்டைகளைச் சேர்த்து, வெட்டி, வரைந்து, கலர் அடித்து நானே செய்தவை. யானை என்றால் பிக். எறும்பு என்றால் ஸ்மால். தென்னை மரம் டால், தக்காளி ரெட். மூன்றாம் வகுப்புக்கு அட்ஜெக்டிவ் நடத்த இதைவிட நல்ல டி.எல்.எம். இல்லை என்று ஒரு பயிற்சி வகுப்பில் எனக்குக் கை தட்டியிருக்கிறார்கள். கற்பித்தல் துணைக்கருவியை நாங்கள் டி.எல்.எம். என்போம். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன்.

பள்ளிக்கூடம் கரியாலூரில் இறங்கி அரை மணி நேரம் நடக்கிற தூரம். இரண்டே ஆசிரியர்கள். ஹெச்.எம். மாணிக்கம் சார் எலவனாசூர்கோட்டைக்காரர், பதறாத மனிதர். பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு கார்டாக எடுத்துப் பார்த்தார்.

“நல்லாருக்கு டீச்சர். ஆனா ஜன்னலோரம் வைக்காதீங்க. ஓடு ஒழுவுது.”

நான் நடத்துகிற முறை இதுதான். கார்டைத் தூக்குவேன், மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவேன், பிள்ளைகள் சேர்ந்து கத்துவார்கள், அடுத்த கார்டு. நாற்பது கார்டும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வேகம்தான் என் பலம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடமே அதிர்கிற மாதிரி “பிக்! ஸ்மால்! டால்!” என்று சத்தம் வரும்போது எனக்குப் பெருமை தாங்காது.

செவந்தி மட்டும் கத்தமாட்டாள். மூன்றாவது வரிசை, ஓரத்து இடம். கார்டைத் தூக்கினால் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். உதடு அசையப்போகிற மாதிரி இருக்கும். அதற்குள் நான் அடுத்த கார்டுக்குப் போயிருப்பேன். தனியாக எழுப்பிக் கேட்டாலும் அதே கதைதான். மூன்று எண்ணி முடிப்பேன், உட்காரச் சொல்லிவிடுவேன். பருவத்தேர்வு முடிந்ததும் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரிமார்க்ஸ் எழுத வேண்டும். அவள் பெயருக்கு நேராக ‘ஸ்லோ’ என்று எழுதினேன். அடுத்த பெயருக்குப் போனேன். அதைப் பற்றி நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

காளியம்மா கேட்ட கேள்வி

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, செவந்தியின் அம்மா காளியம்மா வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. மலையில் மழை முடிந்து அறுப்பும் முடிந்தால் பாதி ஊர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போய்விடும். பங்குனியில்தான் திரும்புவார்கள். அது எனக்கும் தெரியும்.

“டீச்சரு, சனிக்கிழம வேனு வருது. பையன அவங்க அத்த வூட்ல வுட்டுட்டுப் போறோம், அவன் படிக்கட்டும். இவள இன்னா பண்றதுன்னு தெர்ல. இவளுக்குப் படிப்பு வருதா, வரலியா? நீ சொல்லு.”

மலையில் கலெக்டர் வந்தாலும் ‘நீ, வா, போ’தான்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் எங்களிடம் ‘வாங்க, போங்க’ என்று பழகியிருந்தார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. முதல் வாரம் எனக்குச் சுருக்கென்று இருந்தது, பிறகு பழகிவிட்டது.

நான் கையில் இருந்த நோட்டைத் திருத்திக்கொண்டே, “கொஞ்சம் மந்தம்தான்மா” என்றேன்.

காளியம்மா குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். “அப்ப கூட்டிக்கினு போறேன். சின்னதப் பாத்துக்க ஆளு வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு பிள்ளை நான்கு மாதம் மிளகுத் தோட்டத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு இருந்தால் திரும்ப வந்து வகுப்பில் ஒட்டாது. ஒட்டாத பிள்ளை அடுத்த வருஷமும் வேனில் ஏறும். அதற்கடுத்த வருஷம் பதிவேட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும். இதெல்லாம் தெரிந்த நான்தான், தலை நிமிராமல் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

ஹெச்.எம். அவிழ்க்கப் போன மாடு

புதன்கிழமை காலை பள்ளிக்கூடத்து வளாகத்துக்குள் ஒரு மாடு வந்து நின்றது. மேயப் போன மாடுகள் காட்டில் வழி தப்பி இரண்டு மூன்று நாள் சுற்றுவது அங்கே சகஜம். ஹெச்.எம். அதைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், அடிபம்புக்குப் பக்கத்தில் கட்டிவைத்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்த ஊரிலிருந்து ஒருவர் வந்தார்.

“சாரு, நம்ம மாடு ஒண்ணு ரெண்டு நாளாக் காணோம். இங்க கட்டியிருக்கறதா சொன்னாங்க.”

“பின்னாடி இருக்குது, ஓட்டிக்கினு போங்க” என்று ஹெச்.எம். கயிற்றை அவிழ்க்கப் போனார். பிள்ளைகள் தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

“சார், அவுக்காதீங்க! அடையாளம் கேக்கணும் சார்!”

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் அந்த வழக்கம் தெரிந்தது. காணாமல் போன மாட்டைத் தேடி வருகிறவர் மாட்டைப் பார்க்கக் கூடாது. மறைவில் நின்று அடையாளம் சொல்ல வேண்டும். கட்டி வைத்திருப்பவர் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். ஒன்று தப்பினாலும் மாடு கிடையாது. வந்தவரும் கோபித்துக்கொள்ளவில்லை. தானே போய்ச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“செவந்தி! செவந்தியக் கூப்புடு!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெரிய வகுப்புப் பையன்களே வழி விட்டார்கள். மூன்றாவது வரிசை செவந்தி முன்னால் வந்து நின்றாள்.

“இன்னா நெறம்?”

“செவல.”

“நெத்தி?”

“வெள்ளச் சுட்டி.”

“கொம்பு?”

“வலது நேரு. இடது கீய வளஞ்சிருக்கும்.”

“வாலு?”

“கூழ வாலு. பின்னங்காலு ஒண்ணுல வெள்ள.”

ஐந்தும் சரி. ஹெச்.எம். மறுபடி கயிற்றில் கை வைத்தார். “இருங்க சார்” என்றாள் செவந்தி. மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்தாள். இடது காதைத் தூக்கி அடியில் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். அதற்குள் நான் முப்பது வரை எண்ணியிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் நிதானமாக ஒரு பீடியைப் பற்றவைத்தார். அடையாளம் பார்க்கிறவரை அங்கே யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

“காது எப்டிண்ணா?”

“காதுக்கு இன்னா? நல்லாத்தான் இருக்கும்.”

“இல்லண்ணா. இதுக்குக் காது கிழிஞ்சிருக்குது.”

அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “அட ஆமா. ரெண்டும் ஒரே காளைக்குப் பொறந்ததா இருக்கும் போல. நம்மளது இல்ல பாப்பா” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மறுநாள் காலையில் இன்னொருவர் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தையே, “இடது காதுல அடிப்பக்கம் கிழிசல் இருக்கும், முள்ளு இழுத்தது.” செவந்தி தலையாட்டிய பிறகுதான் ஹெச்.எம். அவிழ்த்தார்.

யானைக்குச் சின்ன தந்தம்

அன்றைக்கு நான் பெட்டியைத் திறக்கவில்லை. போர்டில் ஒரு மாட்டை வரைந்தேன். “நேத்து வந்த மாட்டை இங்கிலீஷ்ல சொல்லலாம். அடையாளத்த நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் வார்த்த தர்றேன்” என்றேன். ரெட் கவ். ஒயிட் ஸ்பாட். பென்ட் ஹார்ன். ஷார்ட் டெயில். ஒயிட் லெக். போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். பிறகு நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எண்ணவில்லை.

செவந்தி எழுந்தாள். “டீச்சர், கிழிஞ்சதுக்கு இன்னா?”

“டார்ன்.”

போர்டில் இருந்த மாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “லெப்ட் இயர். டார்ன் இயர்” என்றாள். பிறகு, “நீங்க வரஞ்ச மாட்டுக்கு அது இல்ல டீச்சர்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “இவ்ளோ தெரியுது இல்ல? கார்டு காட்டும்போது ஏன்டி வாயே தொறக்கல?”

“பாக்கவே வுட மாட்டேன்றீங்க டீச்சர். யானைக்கு ஒரு தந்தம் சின்னதா வரஞ்சிருந்தீங்க. அது இன்னான்னு பாக்கறதுக்குள்ள எறும்பு வந்துடுச்சி.”

மாலையில் பெட்டியைத் திறந்து யானையை எடுத்துப் பார்த்தேன். ஒரு தந்தம் சின்னதுதான். அதை வரைந்தவள் நான். கை தட்டியவர்களில் ஒருவரும் அதைக் கண்டதில்லை. முழுசாகப் பார்க்காமல் சொன்னால் மாடு கை மாறிவிடும் என்று வளர்ந்த பிள்ளையிடம் மூன்று எண்ணுவதற்குள் பதில் கேட்டிருக்கிறேன். பதில் வராததற்கு அவளை மந்தம் என்று அவள் அம்மாவிடமே சொல்லியும் இருக்கிறேன். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

காளியம்மா வீட்டு வாசலில்

ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டுச் செவந்தியோடு அவள் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் சாக்குமூட்டைகளைக் கட்டி வைத்திருந்தார்கள். காளியம்மா பாத்திரங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் உள்ளே கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“காளியம்மா, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. செவந்தி மந்தம் இல்ல. இவள இங்கயே வுட்டுட்டுப் போ.”

காளியம்மா கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தாள். “திங்கக்கிழம ஒண்ணு சொன்ன. இன்னிக்கு ஒண்ணு சொல்ற. நான் எத நம்பறது?”

“நல்ல பொண்ணும்மா இவ.”

“நல்ல மாடுன்னு சொன்னா எவன் டீச்சரு அவுத்து வுடுவான்?”

நான் அப்போதே பதினெட்டு வருஷமாக அட்ஜெக்டிவ் நடத்துகிறவள். கஷ்டப்பட்டு இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். “அமைதியான பொண்ணு.”

உள்ளே கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். “இவளா? வூட்ல இவ வாய மூடுனா எங்களுக்குத் திருநா!”

செவந்தி வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போனாள். காளியம்மா என் எதிரே வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

“மாட்டுக்கே ஆறு அடையாளம் கேக்கறோம். எம் பொண்ணுக்கு நீ ஒண்ணே ஒண்ணு சொன்ன, அதுவும் தப்புன்ற. நாலு மாசம் உங்கிட்ட வுட்டுட்டுப் போவணும்னா, இவ யாருன்னு உனக்குத் தெரியணும் இல்ல? அவ உள்ள போய்ட்டா. இப்ப அடையாளம் சொல்லு.”

அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. நானும் அவசரப்படவில்லை. அந்த மூன்றாவது வரிசையை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தேன்.

“இடது கையால எழுதுவா.”

“சரி.”

“எழுதும்போது நாக்க ஓரமா நீட்டிக்குவா. பென்சில் சீவுன தூளக் கீழ போட மாட்டா, டப்பாவுல சேத்து வப்பா. பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியலன்னா நோட்ட சாச்சுக் காட்டுவா, நான் பாத்தா மறைப்பா.”

காளியம்மாவின் முகம் இளகியது. “ம். அப்பறம்?”

“கேட்டா ஒடனே சொல்ல மாட்டா, பாத்துட்டுத்தான் சொல்லுவா. சொன்னா தப்பா சொல்ல மாட்டா.”

இதையெல்லாம் எப்போது பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. என் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் அதைக் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

காளியம்மா மூட்டைப் பக்கம் திரும்பி, செவந்தியின் பாவாடை சட்டைகளைத் தனியாக எடுத்து வைத்தாள். “எல்லாம் சரிதான். ஒண்ணு வுட்டுட்ட” என்றாள்.

“எது?”

“பசிச்சா சொல்ல மாட்டா. நீதான் கேக்கணும்.”

ரிமார்க்ஸ் கட்டம்

சனிக்கிழமை வேன் போனது; கைக்குழந்தையைக் காளியம்மாவே முதுகில் கட்டிக்கொண்டு ஏறினாள். செவந்தி தம்பியோடு அத்தை வீட்டில் இருந்தாள். திங்கட்கிழமை முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்து அந்த ‘ஸ்லோ’வை அடித்தேன். எழுத வேண்டியது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, ஓரத்திலும் எழுதினேன். ஹெச்.எம். எட்டிப் பார்த்தார்.

“டீச்சர், பென்சில் தூளெல்லாம் ரிமார்க்ஸ்ல எழுதலாமா? மேல இருந்து யாராச்சும் பாத்தா கேப்பாங்க.”

“கேட்டா நான் சொல்லிக்கிறேன் சார்.”

போன மே மாதம் ஓய்வு பெறும் வரை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது வேலைக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியர்கள் நல்ல நல்ல டி.எல்.எம். செய்கிறார்கள், செல்போனிலேயே யானை நடக்கிறது. நன்றாகச் செய்யுங்கள். கார்டைத் தூக்கிய பிறகு மனசுக்குள் எண்ணாதீர்கள், அவ்வளவுதான். பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வார்த்தை எழுதக் கை போனால், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அந்தப் பிள்ளைக்கு ஆறு அடையாளம் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பேனாவை மூடி வையுங்கள். எனக்கு அது பதினெட்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வருஷம் பங்குனியில் காளியம்மா ஊருக்கு வந்ததும் மூட்டையைக்கூட இறக்காமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கைக்குழந்தை நடக்க ஆரம்பித்திருந்தது. செவந்தி ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் இங்கிலீஷ் நோட்டை எடுத்து நீட்டினேன். பக்கம் பக்கமாக மாடு, ஆடு, மழை, ஹெச்.எம்.மின் வழுக்கைத் தலை என்று எல்லாவற்றுக்கும் அடையாளம் எழுதியிருந்தாள். காளியம்மா நோட்டை வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“பசிக்குதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னாளா டீச்சரு?”

“சொல்லவே இல்ல காளியம்மா. நான்தான் தெனமும் கேட்டுக்கினே இருந்தேன்.”