ரிவர்ஸ்காரர்

தினமும் பொழுது சாயும் நேரத்தில், வீட்டுக்குப் போகும் மேடு ஆரம்பிக்கும் இடத்தில் லாரியை நிறுத்துவார். வண்டியை மெல்லத் திருப்பி, அதன் முதுகை மேட்டுக்குக் காட்டுவார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு, ரிவர்ஸிலேயே தெருவின் உச்சி வரைக்கும் ஏறுவார். சைக்கிள்காரர்கள் இறங்கி ஓரம் கட்டுவார்கள். மாடியில் துணி எடுக்க வந்த பெண், "ரிவர்ஸ்காரர் வந்துட்டாரு, லைட்டைப் போடுங்க" என்று வீட்டுக்குள் குரல் கொடுப்பாள்.

வண்டி பழைய டீசல் லாரி, ஆட்டோமேட்டிக் கியர். மேட்டில் முன்னால் போகச் சொன்னால் இன்ஜின் கத்தி ஊரைக் கூட்டும். சக்கரம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கியர் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ரிவர்ஸ் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது. "முன்னால போகமாட்டேன்னு அடம் பிடிச்சுது. சரி, பின்னால போறியான்னு கேட்டேன். தலையாட்டிச்சு. இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்பார்.

தொழில், வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "உடையறது எது, அழறது எது?" உடைவது கண்ணாடி. அழுவது, பழைய வீட்டை விட்டு வர மனமில்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவர். அந்த ஒருவரை இன்ஜின் பக்கத்தில் உட்காரவைத்து, வழியெல்லாம் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். புது வீடு மேட்டுப் பகுதியில் என்றால் மட்டும் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

தினமும் கியர் ஆயிலைச் சோதிப்பார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோவார். "இன்ஜினை அணைச்சுட்டுப் பாருங்களேன்" என்று யாராவது சொன்னால் போச்சு. "மூச்சு ஓடும்போதுதான்யா நாடி பார்க்கணும்!" துணியில் சிவப்பாகப் படிய வேண்டியது காப்பி நிறத்தில் படியும். கருகிய வாடை அடிக்கும். துணியை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வண்டியில் ஏறிக்கொள்வார்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணே, இந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்க. இதுக்கு உள்சாமான் லேசுல கிடைக்காது. கிளட்ச் வச்ச சாதா கியர் பெட்டி மாட்டித் தரேன். யானை மாதிரி ஏறும்." கிளட்ச் மிதித்தால் முட்டி வலிக்கும் என்று இவர் ஒரு நாள் சொல்வார், இந்த வயதில் புதுப் பழக்கம் எதற்கு என்று இன்னொரு நாள். வாலிபத்தில் கிளட்ச் லாரியிலேயே குடித்தனம் நடத்தியவர் இவர் என்பது மெக்கானிக்குக்கும் தெரியும். அதனால் எரிச்சல் இன்னும் ஏறும்.

உண்மைக் காரணம் வீட்டில் இருந்தது. மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கால் சூம்பிப்போயிருந்தது. கிளட்ச் மிதிக்க வராது. கல்யாணமான புதிதில், "எனக்கு லாரி ஓட்டணும்ங்க" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் லாரி தேடி அலையாத இடம் இல்லை. கொண்டுவந்து நிறுத்தியபோது மற்ற டிரைவர்கள், "இது லாரியா, தையல் மிஷினா?" என்றார்கள். ஒரே வருஷத்தில் அவர்கள் வாயை அவளே அடைத்துவிட்டாள்.

என்ன ஓட்டம் அது! பீரோவுக்குள் அடுக்கிய டம்ளர்கள் கூட ஒன்றோடொன்று உரசாது. கயிறு கட்டுவதும் சுமப்பதும் இவர், ஸ்டியரிங் அவள். "நான் வெறும் கிளீனர். முதலாளியம்மா அங்க உட்கார்ந்திருக்காங்க, வாடகையை அவங்ககிட்ட பேசுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகக் கைகாட்டுவார். யார் யாருடைய கட்டில்களையோ பின்னால் ஏற்றிக்கொண்டு, மழையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போன அந்த வருஷங்கள்தான் அவர் வாழ்ந்த வருஷங்கள். இப்போது நினைத்தாலும் நெஞ்சு ஏங்கும்.

அப்புறம் ஒரு நாள் இதே மேட்டில், அவள் கையில் வண்டி இருந்தபோது, கியர் முதல் முறையாக வழுக்கியது. இன்ஜின் கத்தியது, ஆக்ஸிலேட்டரை இன்னும் அழுத்தினாள், வண்டி பின்னால் உருண்டு எதிர்வீட்டுச் சுவரை இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. அவள் இறங்கிச் சாவியை அவர் கையில் வைத்தாள். "என் கால் தடுமாறிடுச்சுங்க. போதும்."

"கால் இல்லம்மா, கியர்!" என்று அவரும் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். "என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றீங்க. நான் இடிச்சதுலதான் கியரே கெட்டுச்சு" என்பாள். அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கிளட்ச் பெட்டி மாட்டிவிட்டால் அவள் இனி எந்தக் காலத்திலும் தொட முடியாது. அதனால்தான் அத்தனை நாளும் கழுத்து சுளுக்க ரிவர்ஸில் ஏறினார்.

கடைசியில் ரிவர்ஸும் கைவிட்டது. பெட்டியை இறக்கிய மெக்கானிக், "இப்பவாவது ஒரு முடிவு சொல்லுங்கண்ணே" என்றார். அவர் நேரே வீட்டுக்குப் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணிகிட்ட உள்ள எரிஞ்சு போன தகட்டைக் காட்டுப்பா."

மெக்கானிக் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வட்டத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். வழுக்காமல் பிடித்து வண்டியை இழுக்க வேண்டிய மேற்பூச்சு கரியாகி உதிர்ந்திருந்தது. அவள் விரலால் தேய்த்தாள். விரல் கறுத்தது.

"இது இப்ப எரிஞ்சதா?"

"இப்பவா? நீங்க சுவர்ல இடிச்சதுக்கு முன்னாடியே எரிய ஆரம்பிச்சிருக்கு அண்ணி. இதை வச்சுக்கிட்டு எந்தக் கொம்பன் ஓட்டினாலும் மேட்டுல உருளத்தான் செய்யும்."

அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. புருஷன் பக்கம் திரும்பி, "இத்தனை நாள் நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க" என்றாள். பிறகு மெக்கானிக்கிடம், "இந்தப் பெட்டியவே சரி பண்ணு. எவ்வளவு நாளானாலும் பரவாயில்லை" என்றாள்.

நாள் ஆகத்தான் செய்தது. தகடுகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. வண்டி தயாரான அன்று அவர் சாவியை வாங்கவே இல்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் தெரு, இரண்டாவது தெரு என்று வண்டி அலுங்காமல் போயிற்று. திருப்பம் தாண்டியதும் அவள் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மேடு வருதுங்க."

"வரட்டும்" என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டு, காலைச் சீட்டின்மேல் மடக்கி வைத்து, தலையைக் கதவோரம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.