நாலு பேர் கணக்கு

எழுபத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுக்கக் கடப்பாக்கம் போயிருந்தேன். ஒரு குடிசை வாசலில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி, உட்காராமல், புருவத்தின் மேல் கையை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டில் எத்தனை பேரம்மா?"

"கடல்ல கீறவங்கள எண்ணக் கூடாது சார். கட்டுமரம் கரைக்கு வரட்டும்."

எனக்கோ இன்னும் முப்பது வீடு பாக்கி. எரிச்சலோடு வெயிலில் காத்து நின்றேன். கட்டுமரம் மணலைத் தொட்டு, ஆட்கள் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எம் புருசன், மூணு புள்ளைங்க. நாலு பேரு. எய்திக்க."

"உங்களோடு சேர்த்து ஐந்து."

"என்னிய இன்னாத்துக்கு சார் எண்ணணும்? நான் இன்னா கடலுக்கா பூட்டேன்?"

ஐந்து என்றே எழுதினேன். நிமிர்ந்தபோது, வலையை உதறிக்கொண்டிருந்த அந்த நாலு பேரையும் அவள் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள்.