முதலில் இறங்கிய உப்புநீர்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை உண்டு. உப்புநீர் சேர்த்து நாங்களே தயாரித்த மருந்தில் ஒரு சொட்டை ரத்தத்தின் தெளிநீரோடு கண்ணாடித் தட்டில் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நோய் இருந்தால் கெட்ட பால் மாதிரி திரிந்திருக்கும். இல்லையென்றால் ஒரே சீராக இருக்கும்.

அன்று பல்லாவரத்திலிருந்து வந்த ஒரு டீச்சரின் தட்டு திரிந்திருந்தது. அவருக்குத் தலைப்பிரசவம். ரிப்போர்ட்டுக்காக மாமியார் அவரோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கைக்கு அது போனால் டீச்சரின் குடித்தனம் என்ன ஆகும்? லேப் பொறுப்பாளரோ பேனாவைத் திறந்துவிட்டார். நான் காகிதத்தின் மேல் கையை வைத்து, 'பொறுங்கள்' என்றேன். எனக்கு வாய் நீளம் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

ரத்தமே சேர்க்காமல் மருந்தை வெறும் உப்புநீரோடு கலந்து பார்த்தேன். அதுவும் திரிந்திருந்தது.

"சார், கெட்டது நம்ம மருந்து. டீச்சரம்மா ரத்தம் இல்ல."

மருந்துக்கான உப்புநீரைத் தானே வடிகட்டியதாகச் சொல்லி முறைத்தார். அப்படியானால் இன்னொரு தடவை வடிகட்டுங்கள் என்றேன். புது வடிகட்டும் தாளை மடித்துப் புனலில் வைத்து ஊற்றினார். முதலில் இறங்கியதை ஒரு சொட்டு சிந்தாமல் புட்டியில் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் முதல் டிகாக்‌ஷனுக்குக் கொடுக்கிற மரியாதை. காபிக்கு அது சரி. இங்கே தாளில் ஒட்டியிருக்கும் நார்த்தூசி முழுக்க அந்த முதல் தண்ணீரோடுதானே இறங்கும்?

அதை வாங்கித் தொட்டியில் கொட்டினேன். அவர் பதறிப்போனார். பிறகு இறங்கியதைப் பிடித்துப் புது மருந்து தயாரித்தோம். வெறும் உப்புநீர் சீராக நின்றது. ஏற்கெனவே நோய் உறுதியானவரின் ரத்தம் ஒழுங்காகத் திரிந்தது. டீச்சருடையதை வைத்தேன். ஒரு துணுக்குகூட இல்லை. ஜெயித்துவிட்டேன். பொறுப்பாளரே குனிந்து பார்த்து 'நெகட்டிவ்' என்று எழுதினார்.

ரிப்போர்ட்டை நீட்டியதும் மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். ரயிலை விட்டாயிற்று, வாயும் வயிறுமாக இருப்பவளை இப்படியா காக்கவைப்பது என்று வார்டுக்கே கேட்கும்படி திட்டினார். யாரிடமும் ஒரு சொல் வாங்காத நான் பல்லெல்லாம் தெரிய நின்று வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்ததும் அவர் மருமகளின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நீ மெதுவா வாம்மா," என்றார்.